ஓ இல்லாத அந்திக்கேஞா

மெத்ரோ ரயில் சுவிஸின் லோசான் நகரத்துச் சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்க, நானும் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கைப்பேசியைத் திறந்தேன். என் மாணவியிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. வெள்ளைத் தாளில் ஒரு தலைப்பு. அதன் முதற்சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு. ஓரத்தில் ஆசிரியரின் கையெழுத்து: அப்படியொரு சொல் இல்லை. படத்தோடு அவள் எதுவும் எழுதியிருக்கவில்லை. வழமையாகப் போடுகிற அழுகை முகம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இருக்கிற சொல்லை இல்லை என்கிறார், இருக்கிறது என்று காட்டிவிட்டால் முடிந்தது என அந்தக் கணத்தில் தோன்றியது. தோன்றிய வேகத்தில் இறங்க வேண்டிய தரிப்பைத் தவறவிட்டு, மேல் எல்லைவரை போய்த் திரும்பி வந்தேன். வரும் வழியிலேயே, கவலைப்படாதே, நான் நிரூபிக்கிறேன் என்று அவளுக்கு எழுதியும் விட்டேன். இன்னும் இரண்டு தரிப்பு தாண்டியாவது அனுப்பியிருக்கலாம்.

அவள் சனிக்கிழமைகளில் என்னிடம் ஸ்பானிஷ் படிக்க வருகிறவள். நான் பல்கலைக்கழகத்தில் அதைப் படிக்கிறேன், அவள் ஜிம்னாஸ் என்கிற மேல்நிலைப் பள்ளியில் கடைசி வருடம். அவளுடைய தாயும் என் அம்மாவும் ஒரே ஆஸ்பத்திரியில் ஒரே மாடியைத் துப்புரவு செய்கிறவர்கள். தாய் பிலிப்பைன்ஸிலிருந்து வந்தவர். மூத்த சகோதரியை அங்கே 'ஆத்தே' என்பார்கள் என்று அவரே சொல்லித் தந்ததால், நானும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டேன். முதல் தடவை தொலைபேசியில் நான் அப்படிக் கூப்பிட்டது அம்மாவின் காதில் விழுந்தது.

"ஆரடி அந்த ஆத்தை?" என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். யாரென்று சொன்னேன். "அவவுக்கு என்னைவிட வயசு குறைவு. அவ உனக்கு ஆத்தையெண்டால் நான் ஆர், பூட்டியோ?"

ஜிம்னாஸை முடிக்க ஒவ்வொருவரும் ஒரு ஆய்வு எழுதிக் கையளிக்க வேண்டும். அவள் ஸ்பானிஷ் மொழியில் எழுதினாள். பொருள், தன் தாயின் மாகாணத்திலிருந்து வந்து லோசானில் வேலை செய்கிற பெண்கள். அந்த மாகாணத்தின் பெயர் அந்தீக்கே. பனாய் என்ற தீவின் மேற்குக் கரை, பின்னால் மலை, முன்னால் கடல். அங்கேயிருந்து வந்தவர்கள் இங்கே பணக்காரர் வீடுகளில் பிள்ளை பார்க்கிறார்கள், இஸ்திரிப் பெட்டியால் உடுப்பு மினுக்குகிறார்கள், வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறார்கள். ஆத்தேக்கு வதிவிட அனுமதி இருக்கிறது. அவர் ஞாயிறு பூசையில் சந்திக்கிற மற்றவர்களில் பாதிப் பேருக்கு இல்லை. அதனால் அவர்கள் அவளிடம் மனம் திறந்து கதைத்தபோதும் ஒரே நிபந்தனை வைத்தார்கள். பேரைப் போடாதே, வேலை செய்கிற வீடு இருக்கிற தெருவைப் போடாதே, முகத்தைப் போடாதே. ஊரை மட்டும் போடு. எல்லாவற்றையும் கழித்த பிறகு அவர்களில் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான். அதைத்தான் அவள் தலைப்பில் வைத்தாள். லோசானின் அந்திக்கேஞாக்கள்.

ஸ்பெயின்காரர் அந்தத் தீவுகளை ஆண்ட நூற்றாண்டுகளில் ஒவ்வொரு மாகாணத்தவருக்கும் தங்கள் மொழியில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். கவித்தே ஊரான் கவித்தேஞோ. பத்தாங்காஸ்காரன் பத்தாங்கேஞோ. இலோக்கோஸ் என்றால் இலோக்கானோ. அந்தீக்கே ஆண் அந்திக்கேஞோ, பெண் அந்திக்கேஞா. அந்த ஞ-வுக்காக என் வகுப்பில் மற்றவர்கள் ஒரு எழுத்தின் தலையில் அலை போட்டுத் தடுமாறுவார்கள். எனக்கு அது ஞாயிற்றுக்கிழமையின் முதல் எழுத்து.

கோடு போட்ட ஆசிரியரைக் குறை சொல்ல முடியாது. அவர் கலிசியாவிலிருந்து வந்த நல்ல மனிதர். அவள் பழைமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து தானாக ஒன்றைச் செய்துவிட்டாள் என்று முதலில் நினைத்திருக்கிறார். பிரெஞ்சில் அந்தீக் என்றால் பழங்காலத்து என்று பொருள் என்பதால், பக்கத்தில் இருந்தவன் உன் அம்மா என்ன மியூசியத்துச் சாமானா என்று கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறான். ஆசிரியர் பெரிய அகராதியைப் பார்த்தார், இல்லை. பிலிப்பைன்ஸ்காரிகள் என்று பொதுவாகப் போட்டால் யாருக்கும் விளங்கும் என்றார். இணையத்தில் யாரும் சேர்ந்து எழுதுகிற அகராதி ஒன்றில் அந்தச் சொல் இருப்பதை அவள் காட்டினாள். இருந்தது. ஆனால் அந்தப் பக்கத்தின் தலையில் ஒரு மஞ்சள் பெட்டி: இச்சொல் ஐயத்துக்குரியது, சான்று கிடைக்காவிட்டால் நீக்கப்படும்.

சரி, அந்தப் பெட்டி நீங்கினால் நானும் கோட்டை அழித்துவிடுகிறேன் என்றார் ஆசிரியர். கையளிக்கும் நாள் இலையுதிர் விடுமுறை முடிந்து வரும் திங்கள்.

அன்றைக்கே நான் அந்த அகராதியில் சேர்ந்தேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, அந்திக்கேஞோ மட்டும் மாட்டிக்கொண்டிருக்கவில்லை. பிலிப்பைன்ஸ் மாகாணத்தவர் பெயர்கள் ஒரு வரிசையாக அதே மஞ்சள் பெட்டியோடு நின்றன. யாரோ ஒருவர் ஒரே மூச்சில் எல்லாவற்றுக்கும் பெட்டி கட்டியிருந்தார். அவர் எந்த நாட்டவர், ஆணா பெண்ணா என்று இன்றுவரை தெரியாது. நான் அவருக்குச் சுங்க அதிகாரி என்று பெயர் வைத்தேன். விதி ஒன்றுதான். அச்சில் வந்த மூன்று இடங்கள் வேண்டும், மூன்றையும் வெவ்வேறு ஆட்கள் எழுதியிருக்க வேண்டும், மூன்றும் ஸ்பானிஷ் வாக்கியங்களாக இருக்க வேண்டும்.

முதல் வாரம் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. கவித்தேஞோ பழைய மணிலாப் பத்திரிகைகளில் கொட்டிக் கிடந்தான். பத்தாங்கேஞோவைக் கொண்டுபோய் நிறுத்தினேன், பெட்டி கழன்றது. ஒரு மாகாணத்தை விடுவித்ததும் அடுத்த மாகாணத்துக்கு ஓடினேன். விரிவுரையில் இருந்துகொண்டு தேடினேன், பஸ்ஸில் தேடினேன், சோற்றைப் பிசைந்தபடி இடக்கையால் தேடினேன். இடையில் சறுக்கல்களும் இருந்தன. இசபெலா மாகாணத்தவரைத் தேடினால் அதே சொல்லால் குறிக்கப்படும் இங்கிலாந்து மகாராணி காலத்து நாடக மேடைகள் வந்தன. லகுனாவைத் தேடினால் மெக்சிகோவின் காற்பந்து ரசிகர்கள் வந்தார்கள். சேவற் சண்டை பற்றி அருமையான பத்தி ஒன்றைக் கொண்டுபோனேன். சுங்க அதிகாரி ஒரே வரியில் திருப்பி அனுப்பினார்: இது ஸ்பானிஷ் அல்ல, தாகாலோக் மொழி. சொல் அதே சொல்தான். எந்த மொழி வாக்கியத்தில் நிற்கிறது என்பதுதான் கேள்வி. மனிதர்களைப் பற்றியும் எல்லையில் இதைத்தானே கேட்கிறார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது அது வேடிக்கையாக இருந்தது.

அந்திக்கேஞோவுக்கு வந்தபோது வேடிக்கை நின்றது.

மாகாணத்தின் பெயரை எழுதினால் உலகத்திலுள்ள பழந்தளபாடக் கடைகள் எல்லாம் திரையில் திறந்தன. நாற்காலி, அலமாரி, கடிகாரம், பூச்சாடி. அவற்றை விலக்கி, ஸ்பானிஷ் மட்டும், பழைய அச்சு மட்டும் என்று வடிகட்டினால் ஒன்றுமே இல்லாமல் போனது. ஏழை மாகாணம். பத்திரிகைக்காரர் அங்கே போகவில்லை, போனவர்களும் ஆட்களைப் பற்றி எழுதவில்லை. பல நாள் துழாவிய பிறகு ஒரு கப்பல் விபத்துச் செய்தியில் ஒரு மாலுமியைக் கண்டேன். மூழ்கியவர்களில் அவனும் ஒருவன். அவனுக்கும் பெயர் போடப்படவில்லை, அந்திக்கேஞோ என்று மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் நூலக மேசையில் இருந்தபடியே நான் வாயைப் பொத்திக்கொண்டேன். பிறகு ஒரு பயணக் குறிப்பில் ஒரு படகோட்டி அகப்பட்டான். இரண்டு.

மூன்றாவது வரவேயில்லை. விடுமுறை தொடங்கிவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. அம்மா என்னைப் பார்த்து, பிள்ளைக்கு யாரோ ஒரு பெடியனால் மனம் உடைந்துவிட்டது என்று முடிவுகட்டி, கோயிலில் அர்ச்சனைக்கு நேர்ந்துவிட்டார். ஒரு மாலுமியும் படகோட்டியும் என்று நான் சொன்னது நிலைமையை இன்னும் மோசமாக்கியது.

பிறகு ஒரு காலை அது வந்தது. மலைப்பாதையில் கோவேறு கழுதைகளை ஓட்டிச் செல்கிற ஒரு அந்திக்கேஞோ. நல்ல ஸ்பானிஷ், நல்ல வாக்கியம். அந்தீக்கேயும் மலைநாடுதானே. நான் அதை அகராதியில் ஏற்றினேன், அவளைக் கூப்பிட்டேன், அவள் தாயைக் கூப்பிட்டாள், ஆத்தே ஞாயிறு பூசையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் ஒரு பெட்டி நிறைய லும்பியா எங்கள் வீட்டுக்கு வந்தது. எங்கள் ரோல்ஸுக்குத் தங்கச்சி மாதிரி, மெலிந்து நீண்டது. அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்து, உறைப்புக் காணாது, ஆனால் கை நல்ல கை என்றார்.

மறுநாள் சுங்க அதிகாரி எழுதியிருந்தார். அடித்துத் துரத்துகிற ஆளல்ல அவர், எப்போதும் போல மரியாதையான ஒரே வரி: பக்கத்தின் படத்தைப் பாருங்கள், ஒரு ஓ இருக்கிறது.

படத்தைப் பெரிதாக்கினேன். சொல் வரியின் கடைசியில் உடைந்து, பாதி அடுத்த வரிக்குப் போயிருந்தது. உடைந்த இடத்தில் மை தேய்ந்து, மயிரளவு வளைவு. தேடுபொறி அதைத் தூசி என்று எண்ணி விழுங்கிவிட்டது. அது அந்திக்கேஞோ இல்லை. அந்தியோக்கேஞோ. உலகத்தின் மறுபக்கத்தில், கொலம்பியாவில் உள்ள அந்தியோக்கியா மாகாணத்தவன். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் கோப்பித் தோட்டம் வந்தது, அதற்கடுத்ததில் மெதெயின் நகரமே வந்தது. நான் அடுத்த பக்கத்தைப் புரட்டியிருக்கவில்லை. ஆசையில் இருக்கிறவர்கள் அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை.

அம்மா வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் என் முகத்தைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு ஓவாலயோ இவ்வளவு பாடு?"

"ஒரு ஓதான் அம்மா."

அவர் சப்பாத்தைக் கழற்றினார். கழற்றியபடி, "அதுவும் சரிதான்," என்றார். "இருக்கு எண்டால் இருக்கு. ஒரு ஓவைப் போட்டால் இருக்கோ எண்டு ஆகிடும்."

அவர் அதைப் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு வேறொரு ஓ ஞாபகம் வந்தது. நாங்கள் யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள தீவுப் பகுதி ஆட்கள். சின்ன வயதில் திரிம்பாக் என்ற ஊரிலுள்ள தமிழ்க் கோயிலுக்குப் போயிருந்தபோது, அன்னதான வரிசையில் நின்ற ஒரு அம்மா எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "நீங்கள் தீவாரோ?" என்று கேட்டார். அந்த ஓ இன்னும் காதில் நிற்கிறது. நீட்டி, கொஞ்சம் மேலே தூக்கி, சிரிப்போடு. அம்மா, "ஓம், தீவார்தான்," என்று சொல்லிவிட்டுச் சோற்றை வாங்கிக்கொண்டார். திரும்பும் ரயிலில் லோசான் வரும்வரை அவர் ஒன்றும் கதைக்கவில்லை. தீவார் என்பது வெறும் ஊர்ப்பெயர்தானே, ஏன் அம்மாவுக்கு நோகிறது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ஆத்தேயிடம் யார் சொல்வது? அவளால் முடியாது என்றாள். நானே போனேன். ஆஸ்பத்திரியின் பின்வாசலில், இடைவேளையில், கோப்பி இயந்திரத்தின் பக்கத்தில் நின்று சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் கோப்பிக் குவளையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு தன் உடைந்த பிரெஞ்சில் கதைத்தார். நான் அதை எங்கள் தமிழிலேயே கேட்டேன், அப்படியேதான் நினைவிலும் இருக்கிறது. பதினாறு வயதில் அவர் பக்கத்து மாகாணத்து இலோயிலோ நகரத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவர். கரும்பு வெட்டவும் வீட்டு வேலைக்கும் வருகிற சனம் என்றால் அந்தீக்கே என்று அங்கே எல்லோருக்கும் தெரியுமாம். வீட்டுக்காரி அவருடைய பெயரைச் சொன்னதில்லை, அந்திக்கேஞா என்றுதான் கூப்பிடுவாராம்.

"அங்க என்னைத் தள்ளி வைக்கிறதுக்கு அந்தச் சொல்லை வைச்சிருந்தாங்கள்," என்றார். "இங்க தள்ளி வைக்கிறதுக்குக்கூட ஒருத்தருக்கும் அந்தச் சொல் தெரியாது. பிலிப்பின் எண்டால் காணும், வேலைக்காரி எண்டு விளங்கிடும்."

இடைவேளை முடிந்தது. வாளியைத் தள்ளிக்கொண்டு போகும்போது திரும்பி, அந்தப் பெண்களுக்குத் தானே சொல்லிவிடுவதாகவும் நான் வரத் தேவையில்லை என்றும் சொன்னார். அது எனக்காகச் சொன்னதா, அவர்களுக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை.

நான் ஆசிரியருக்கு எழுதினேன். கெஞ்சினேன் என்பதே சரி. இந்த ஆய்வு பள்ளி நூலகத்தில் வைக்கப்படும், வைத்தால் அதுவே அச்சில் உள்ள ஒரு இடமாகும், சொல்லை உள்ளே விட்டாலே சான்று பிறந்துவிடும் என்று வாதாடினேன். அவர் அன்றே பதில் போட்டார். யோசனை அழகாக இருக்கிறது, ஆனால் கதவைத் திறக்கிற சாவியைக் கதவுக்கு உள்ளேயிருந்து எடுக்க முடியாது என்றார். அதே யோசனையைச் சுங்க அதிகாரியிடமும் வைத்துப் பார்த்தேன். சந்தேகத்துக்குப் பதிலாக எழுதப்பட்டதைச் சான்றாக எடுப்பதில்லை என்றார். அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவேயில்லை. "எங்களுக்குத் தெரிஞ்ச கதைதானே. வேலையைக் காட்டு, வதிவிடப் பெர்மி தாறம். பெர்மியைக் காட்டு, வேலை தாறம். நானும் கொப்பரும் இதுக்குள்ள எத்தினை வருஷம் சுத்தினனாங்கள்."

எனக்கு இந்த நாட்டுப் பாஸ்போட் இருக்கிறது. அதில் பிறந்த ஊரைப் போடுவதில்லை, பூர்வீக ஊர் என்று ஒன்றைப் போடுவார்கள். என்னுடையதில் லோசானுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்று இருக்கிறது. என் பூட்டன் பாட்டன் ஒருவரும் கண்ணால் காணாத ஊர். அந்த ஊரவர்க்குப் பிரெஞ்சில் ஒரு பெயரும் உண்டு, அந்தப் பெயருக்கு நான் உரிமைக்காரி. யாரும் என்னிடம் மூன்று சான்று கேட்கவில்லை.

நேற்று என் மாணவி வந்தாள். புத்தகத்தைத் திறக்காமலே, தலைப்பை மாற்றிவிட்டேன் என்றாள். லோசானின் பிலிப்பைன்ஸ்காரிகள். அழகாக அச்சிட்டும் கொண்டுவந்திருந்தாள். உள்ளே பெண்கள் கதைக்கிற இடங்களிலெல்லாம் தேடி மாற்றும் கட்டளை கொடுத்தாளாம், ஒரு நொடியில் எல்லோரும் மாறிவிட்டார்கள். நான் ஒரு பக்கத்தை எடுத்து வாசித்தேன். யாரென்றே தெரியவில்லை. பெயரில்லை, தெருவில்லை, முகமில்லை, இப்போது ஊருமில்லை. யாரோ ஒரு பெண் யாரோ ஒருவருடைய சட்டையை மினுக்குகிறாள். இதை அவர்களிடம் எப்படிக் கொடுப்பேன் என்று கேட்டுவிட்டு அவள் மேசையில் தலையை வைத்துக்கொண்டாள். கையளிக்க வேண்டிய திங்கள் இந்த வாரக் கடைசியைத் தாண்டினால் வந்துவிடும். அதுவரைக்கும் பழைய தலைப்பை அழிக்காதே என்றேன். என் குரலை நானே நம்பவில்லை.

இன்று காலை பிரிபூர்க் நகரத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே ஒரு துறவியர் மடத்தில் நூலகம் இருக்கிறது. அவர்களுடைய சபையைச் சேர்ந்த ஸ்பானிஷ் குருமார் ஒரு காலத்தில் பனாய் தீவிலும் பங்குகளை நடத்தினார்கள், ஊருக்கு அனுப்பிய செய்திகளைச் சஞ்சிகையாக அச்சடித்தார்கள் என்று ஒரு அடிக்குறிப்பில் கண்டேன். அந்தச் சஞ்சிகைகள் எந்தத் திரையிலும் இல்லை, ஏனென்றால் யாரும் அவற்றைப் படமெடுக்கவில்லை. தொலைபேசியை எடுத்த துறவி இரண்டு அலமாரி நிறைய இருக்கிறது, பொருளடக்கம் கிடையாது, சனிக்கிழமை மட்டும் திறப்போம் என்றார். என்ன சொல்லைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். பாதியில் நிறுத்தி, அதற்குப் பிறகு ஓ வரும், அப்படித்தானே என்றார்.

ஓ இல்லை என்றேன். ஓ இல்லாமல்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தார் போலிருக்கிறது. நான் தொலைபேசியை வைத்ததும், சனிக்கிழமை ஆத்தேக்கு வேலை நாள் என்றார். "நான் அவவின்ர பங்கையும் சேத்துப் பாக்கிறன். அவவையும் கூட்டிக்கொண்டு போ. பாஷை தெரியாட்டிலும் தன்ர ஊரின்ர பேர் கண்ணில படும்தானே."

முதல் ரயிலில் மூன்று பேர் போகிறோம். தேடுபொறி கிடையாது, கண்கள்தான். அவளுக்கு ஒரு அலமாரி, எனக்கு ஒரு அலமாரி, ஆத்தேக்கு நாங்கள் எடுத்துப் போடுவது. வரிகளின் முடிவுகளை நான் விரல் வைத்துப் பார்ப்பேன், அடுத்த பக்கத்தையும் புரட்டுவேன்.